பச்சை முட்டை மயோனைஸ் வேண்டாம்... அதே 'கிரீமி' ருசி வீட்டிலேயே கிடைக்குமா? தயிர், முந்திரி, கடலையில் இருக்கு பதில்!

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும். புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி என எந்த ஊர் கடைத்தெருவுக்குப் போனாலும் ஷவர்மா, ஃப்ரைடு சிக்கன், மோமோ என்று வாசனை ஆளை இழுக்கிறது. கூடவே ஒரு சின்ன டப்பாவில் வெள்ளையாக, வழவழன்னு ஒரு 'தொட்டுக்க'. அதுதான் மயோனைஸ். பெரிய ஊர் ஹோட்டலில் மட்டும் இருந்த இந்த அயிட்டம், இப்போது சாலட், சாண்ட்விச், பர்கர், சிக்கன் 65 என்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளோ வீட்டில் தோசைக்கே மயோனைஸ் கேட்கிறார்கள்.

இந்த நிலையில்தான் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025-ல் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. தடை வந்ததும் பல வீடுகளில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: "சரி, அதுக்குப் பதிலா என்ன செய்யறது?"

பதில் வெகு தூரத்தில் இல்லை. தயிர், முந்திரி, வேர்க்கடலை, எள், அவித்த முட்டை என எல்லாமே புதுக்கோட்டை மாவட்ட அடுப்படியில் இருக்கும் சாமான்தான். எது பாதுகாப்பு, எது ஆரோக்கியம், எப்படிச் செய்வது, எத்தனை நாள் வைக்கலாம்? முழு விவரம் இங்கே.

சுருக்கமாகச் சொன்னால்...

• பச்சை முட்டை மயோனைஸில் இரண்டு பிரச்னை. ஒன்று கிருமி, இன்னொன்று எண்ணெய்.

• 'எக்லெஸ்' மயோனைஸுக்கு மாறினால் முதல் பிரச்னைதான் குறையும். இரண்டாவது அப்படியே இருக்கும்.

• தொங்கவிட்ட தயிர், ஊறவைத்த முந்திரி, வறுத்த வேர்க்கடலை, அவித்த முட்டை ஆகியவற்றில் செய்தால் இரண்டையும் சமாளிக்கலாம்.

• எதில் செய்தாலும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கோடையில் 1 மணி நேரம்தான்.

தடை என்ன சொல்கிறது?

பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைஸைத் தயாரிப்பது, பொட்டலமிடுவது, சேமிப்பது, எடுத்துச் செல்வது, பரிமாறுவது, விற்பது எல்லாவற்றுக்கும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-ன் 30-வது பிரிவின் கீழ் வந்த உத்தரவு இது. மக்கள் நலன் கருதி ஓர் உணவுப் பொருளை ஓராண்டு வரை தடை செய்ய மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு இந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. 'ஓராண்டு' என்ற கணக்கு வந்தது இதனால்தான்.

சால்மோனெல்லா டைஃபிமூரியம், சால்மோனெல்லா என்டெரிடிடிஸ், இ.கோலை, லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் ஆகிய கிருமிகள் இந்த மயோனைஸ் மூலம் பரவும் அபாயம் இருப்பதாக அந்த உத்தரவே குறிப்பிட்டது.

தமிழ்நாடு இதில் முதல் மாநிலம் இல்லை. 2023 ஜனவரியில் கேரளா பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. ஹைதராபாத்தில் மோமோ சாப்பிட்ட பலர் பாதிக்கப்பட்டு, ஒரு பெண் உயிரிழந்த சம்பவத்துக்குப் பிறகு, 2024 அக்டோபர் 30-ல் தெலங்கானா ஓராண்டுத் தடையை அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷவர்மா சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போகும் எல்லா சம்பவத்துக்கும் மயோனைஸ்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கோழி சரியாக வேகாமல் இருந்தாலும், வெட்டும் பலகையும் கத்தியும் சுத்தமாக இல்லாவிட்டாலும் அதே ஆபத்துதான். ஆனால் கோழியாவது நெருப்பைப் பார்க்கிறது. பச்சை முட்டை மயோனைஸ் எந்தக் கட்டத்திலும் சூட்டையே பார்ப்பதில்லை.

தடை உத்தரவுக்குக் காலக்கெடு உண்டு. கிருமிக்கு அது கிடையாது. அதனால் உத்தரவு நடப்பில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், வீட்டில் இதை நிரந்தரமாகத் தவிர்ப்பதே நல்லது.

பச்சை முட்டையில் என்னதான் ஆபத்து?

"நல்ல முட்டைதானே, கழுவித்தானே உடைச்சேன்" என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டின் மேல் இருக்கும் கிருமி ஒரு பக்கம். சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் வகை, கோழியின் உடம்பிலேயே முட்டை உருவாகும்போது உள்ளே போய்விடக் கூடியது. ஓடு விரிசல் இல்லாமல் பளபளவென்று இருந்தாலும் உள்ளே கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

ஒரு முட்டையை ஆம்லெட் போட்டால் அந்தக் கிருமி சூட்டில் செத்துவிடும். முட்டை உணவின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டினால் பாதுகாப்பு என்பது பொதுவான கணக்கு. மயோனைஸில் அந்த வேலையே நடப்பதில்லை. ஒரு கெட்ட முட்டை விழுந்தாலும் மொத்தப் பாத்திரத்திலும் கலந்துவிடும். ஒருத்தர் சாப்பிட வேண்டியது ஐம்பது பேருக்குப் போகிறது.

அடுத்தது நேரம். தோதான சூட்டில் இந்த வகை பாக்டீரியா 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 30 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். சாயங்காலம் 5 மணிக்கு 100 கிருமி இருந்த டப்பாவில் இரவு 9 மணிக்கு 25,600 இருக்கும். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமி பெருகும் ஆபத்தான வெப்பநிலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதுக்கோட்டை வெயிலில் கடை மேசையில் இருக்கும் டப்பா, இந்த வெப்பநிலையின் நட்ட நடுவில்தான் இருக்கிறது.

"எலுமிச்சை, வினிகர் ஊத்துறோமே, அது கிருமியைக் கொல்லாதா?" என்று கேட்கலாம். புளிப்பு அதிகமாக இருந்தால் கிருமி வளர்ச்சி குறையும் என்பது உண்மை. ஆலைகளில் அதை அளந்து பார்த்துச் சேர்க்கிறார்கள். வீட்டிலோ கடையிலோ ருசிக்குத்தான் ஊற்றுகிறோம். கிருமி சாக எவ்வளவு புளிப்பு வேண்டும் என்பதை நாக்கு சொல்லாது.

பாதிப்பு வந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்று வலி இருக்கும். சாப்பிட்ட 6 மணி நேரத்திலும் தொடங்கலாம், சில நாள் கழித்தும் தொடங்கலாம். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். லிஸ்டீரியா கிருமி கர்ப்பிணிகளுக்கு இன்னும் மோசம், கருவையும் பாதிக்கும். அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும்.

'எக்லெஸ்' மயோனைஸ்னா ஓகேவா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தடைக்குப் பிறகு பல கடைகள் 'வெஜ் மயோ', 'மில்க் மயோ' என்று மாறின. கிருமி விஷயத்தில் இது நல்ல மாற்றம். ஆனால் 'முட்டை இல்லை, அதனால் உடம்புக்கு நல்லது' என்று நினைத்தால் தப்பு.

மயோனைஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். எண்ணெயும் தண்ணீரும் தானாக ஒட்டாது. முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் என்ற பொருள், எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளிகளாகப் பிடித்து நிறுத்தும். எண்ணெயை விட விட, அடிக்க அடிக்க, கலவை கெட்டியாகும். அதாவது கெட்டித்தன்மைக்குக் காரணம் முட்டையின் அளவு இல்லை, எண்ணெயின் அளவு. மில்க் மயோவில் முட்டை செய்யும் வேலையைப் பால் புரதம் செய்கிறது. கால் டம்ளர் பாலுக்கு முக்கால் டம்ளர் வரை எண்ணெய் ஊற்றினால்தான் அது கெட்டியாகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள்:

• வழக்கமான மயோனைஸ் 1 டேபிள்ஸ்பூன்: சுமார் 90 முதல் 100 கலோரி, அதில் கொழுப்பு சுமார் 10 கிராம்.

• ஒரு ரோலில் 2 டேபிள்ஸ்பூன் போட்டால்: கொழுப்பு மட்டும் சுமார் 20 கிராம்.

• ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாள் முழுக்க சொல்லும் எண்ணெய், கொழுப்பு அளவு: 27 கிராம்.

ஒரு நாள் சமையலுக்கான எண்ணெயில் பெரும்பகுதி ஒரே ரோலில் முடிந்துவிடுகிறது. சாலட் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. எடை குறைக்கத்தான் வெள்ளரியும் கேரட்டும் நறுக்குகிறோம். அதன் மேல் நாலு ஸ்பூன் மயோனைஸ் விழுந்தால், காய்கறியின் கலோரியை விட மேலே ஊற்றியதன் கலோரிதான் அதிகம்.

அதற்காகக் கொழுப்பே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கேரட், தக்காளி, கீரையில் இருக்கும் கரோட்டினாய்டு சத்துகளை உடம்பு உறிஞ்சிக்கொள்ள கொஞ்சம் கொழுப்பு தேவை. அந்த 'கொஞ்சத்தை' எதிலிருந்து எடுக்கிறோம் என்பதே கேள்வி.

அந்த வழவழப்பு எண்ணெயில்தான் வரணுமா?

இல்லை. தயிரின் புரதம், அரைத்த முந்திரி, கடலை, எள்ளின் கொழுப்பும் நாரும், மசித்த முட்டை என எல்லாமே நாக்கில் அதே வழவழப்பைத் தரும். நம்ம ஊர் தயிர்ப் பச்சடி இதே வேலையைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறது. வெள்ளரிப் பச்சடியைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் அதுவே சாலட் டிரெஸ்ஸிங்.

வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய ஆறு வகை இதோ. எல்லாம் 3 முதல் 4 பேருக்கான அளவு.

1. தொங்கவிட்ட தயிர் + பூண்டு: ஷவர்மா, கிரில் சிக்கனுக்கு

*தேவை:* கெட்டித் தயிர் அரை கிலோ, பூண்டு 3 பல், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், மிளகுத் தூள் கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் 1 டீஸ்பூன்.

*செய்முறை:* தயிரைச் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, வடிகட்டி மேல் வைத்து, அடியில் பாத்திரம் வைத்து ஃப்ரிட்ஜில் 4 முதல் 6 மணி நேரம் விடுங்கள். வெளியே சமையலறையில் தொங்கவிட்டால் வெயில் காலத்தில் புளித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் தயிர் ஏறக்குறைய பாதியாகும், வெண்ணெய் மாதிரி நிற்கும். பூண்டை உப்போடு நசுக்கிச் சேர்த்து, மற்றதையும் போட்டு ஸ்பூனால் அடித்துக் கலக்குங்கள். மிக்ஸியில் ஓட்ட வேண்டாம், நீர்த்துவிடும்.

1 டேபிள்ஸ்பூனுக்கு சுமார் 20 கலோரிதான். மயோனைஸில் ஐந்தில் ஒரு பங்கு. புரதமும் கால்சியமும் கூடுதல் லாபம். வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்தில் சேர்க்கவோ பயன்படுத்தலாம்.

*கவனம்:* பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு நாள்கணக்கில் வெளியே வைக்கும் பழக்கம் வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெயில் நச்சுக் கிருமி வளர வாய்ப்பு உண்டு. பூண்டை அவ்வப்போது நசுக்கிச் சேருங்கள்.

2. முந்திரி கிரீம்: பால், முட்டை இரண்டும் வேண்டாதவர்களுக்கு

தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில் போகிறவர்களுக்கு ஆதனக்கோட்டையைத் தெரியாமல் இருக்காது. சாலையோரம் பெண்கள் முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து விற்கும் ஊர். அந்த முந்திரிக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது.

*தேவை:* முந்திரி 20 (சுமார் 30 கிராம்), பூண்டு 1 பல், எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் 4 டேபிள்ஸ்பூன்.

*செய்முறை:* முந்திரியைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு மற்றவற்றோடு மைய அரையுங்கள். எண்ணெயே தேவையில்லை. வறுத்த முந்திரியானால் ஒரு மணி நேரம் ஊறட்டும்.

மொத்தக் கலவையிலும் சுமார் 170 கலோரி. ஆறு டேபிள்ஸ்பூன் வரும் என்றால் ஒன்றுக்கு 30 கலோரிக்குள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 35 கிராம் கொட்டை, எண்ணெய் வித்துகளைச் சாப்பிடச் சொல்கிறது. இந்த முந்திரி அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். உடைந்த முந்திரி விலை குறைவு, அரைக்க அதுவே போதும்.

3. வேர்க்கடலை டிரெஸ்ஸிங்: கோஸ், கேரட் சாலட்டுக்கு

ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் கடலைச் சாகுபடி வழக்கமானது. முந்திரி கட்டுப்படியாகாத வீட்டுக்கு இதுவே முதல் சாய்ஸ்.

*தேவை:* வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராம், காய்ந்த மிளகாய் 1, இஞ்சி சின்னத் துண்டு, புளித்தண்ணீர் 2 டேபிள்ஸ்பூன், வெல்லம் ஒரு சிட்டிகை, உப்பு, தேவையான தண்ணீர்.

*செய்முறை:* கடலை, மிளகாய், இஞ்சியை முதலில் பொடித்து, பிறகு புளித்தண்ணீர், வெல்லம், உப்பு சேர்த்து வழுவழுப்பாக அரையுங்கள். கடலைச் சட்னிக்கு அண்ணன் தம்பி உறவு என்றாலும் பதம் வேறு. ஸ்பூனிலிருந்து மெதுவாக வழிய வேண்டும்.

மொத்தம் சுமார் 285 கலோரி, கிட்டத்தட்ட 12 கிராம் புரதம். பத்து டேபிள்ஸ்பூனாகப் பிரித்தால் ஒன்றுக்கு 30 கலோரி.

*கவனம்:* பூசணம் பூத்த, சுருங்கிய, கசக்கும் கடலையைத் தூக்கிப் போடுங்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சிலருக்குக் கடலை, முந்திரி அலர்ஜி இருக்கும். விருந்தாளிக்குக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

4. அவித்த முட்டை 'மயோ': முட்டை ருசி வேணும்னா

"எனக்கு அந்த முட்டை டேஸ்ட்தான் வேணும்" என்று பிள்ளை அடம்பிடித்தால் இதைச் செய்து பாருங்கள். அவித்த முட்டையைத் துண்டாக்கி மசாலாவில் புரட்டும் 'முட்டை மாஸ்' புதுக்கோட்டைப் பக்கம் பிரபலம். இது அதன் குளிர்ச்சியான தங்கச்சி.

*தேவை:* நன்றாக வெந்த முட்டை 2, கெட்டித் தயிர் 3 டேபிள்ஸ்பூன், கடுகுத் தூள் ஒரு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், மிளகு, உப்பு, எண்ணெய் 1 டீஸ்பூன்.

*செய்முறை:* முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் 10 முதல் 12 நிமிடம் வேகவிடுங்கள். மஞ்சள் கரு முழுதாக இறுகியிருக்க வேண்டும். ஆறியதும் எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் அடித்தால், கண்ணை மூடிச் சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். மஞ்சள் கரு வெந்தாலும் லெசித்தின் அதிலேயே இருக்கிறது. அதனால்தான் கலவை திரியாமல் நிற்கிறது.

5. எள் + தயிர்

வெள்ளை எள் 2 டேபிள்ஸ்பூனை வெறும் வாணலியில் பொரியும் வரை வறுத்து, ஆறியதும் பொடித்து, கெட்டித் தயிர் அரை கப், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்துக் கலந்தால் போதும். அரபு நாடுகளில் ஷவர்மாவுக்கு ஊற்றும் 'தஹினி' சாஸும் எள்ளில் செய்வதுதான். ஷவர்மாவுக்கு மயோனைஸ் மட்டுமே ஜோடி என்பது இல்லை.

6. தேங்காய் + புதினா

தேங்காய்த் துருவல் அரை கப், புதினா ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் 1, எலுமிச்சை, உப்பு சேர்த்து நைசாக அரைத்து, சாலட்டில் புரட்டிக்கொள்ளலாம். கீரமங்கலம், வடகாடு பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், சீக்கிரம் கெட்டும் போகும். அளவாக, அன்றைக்கு அரைத்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

டிரெஸ்ஸிங்கே வேண்டாத சாலட் தெரியுமா?

ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய கேரட், வெள்ளரி, தேங்காய், எலுமிச்சை, மேலே கடுகு தாளிப்பு. கோசம்பரி ரெடி. ராமநவமிக்கு நைவேத்தியமாகச் செய்யும் வடைப்பருப்பும் இதே குடும்பம்தான். பருப்பும் தேங்காயும் இருப்பதால் கிரீம் இல்லாத குறையே தெரியாது.

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த உளுந்து, பாசிப்பயறு ரகங்கள் 'வம்பன்' என்ற பெயரிலேயே விவசாயிகளிடம் புழங்குகின்றன. பயறு விளையும் மாவட்டத்தில் சாலட்டுக்குப் புரதம் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

*கவனம்:* முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதிலும் சால்மோனெல்லா ஆபத்து உண்டு. முளை வரத் தேவையான ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தவை. 5 நிமிடம் ஆவியில் வேகவைத்துச் சேருங்கள். ருசியும் கெடாது.

எத்தனை நாள் வைக்கலாம்?

வீட்டில் செய்ததில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை. அதனால் கடை பாட்டில் போல மாதக்கணக்கில் வைக்க முடியாது.

• தயிர், எள் + தயிர்: ஃப்ரிட்ஜில் 2 முதல் 3 நாள்.

• முந்திரி, வேர்க்கடலை: ஃப்ரிட்ஜில் 3 நாள்.

• அவித்த முட்டை: ஃப்ரிட்ஜில் 2 நாள்.

• தேங்காய்: அன்றே.

• சமையலறை மேசையில்: 2 மணி நேரம். வெளியே 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம். பங்குனி, சித்திரை, வைகாசியில் புதுக்கோட்டையில் பகல் பூரா அந்தக் கணக்குதான்.

தேவையானதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மீதியை உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிட்ட ஸ்பூனை டப்பாவில் விடாதீர்கள். கரண்ட் கட்டாகி ஃப்ரிட்ஜ் பல மணி நேரம் ஓடாமல் இருந்தால், "வாசனை நல்லாத்தானே இருக்கு" என்று சாப்பிட வேண்டாம். காய்கறியையும் நறுக்கும் முன் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கோழி வெட்டிய பலகையில் வெள்ளரி நறுக்குவது மயோனைஸை விடப் பெரிய தப்பு.

ஸ்கூல் டிபன் பாக்ஸில் தயிர், முட்டை டிரெஸ்ஸிங் கொடுத்துவிடுவதைத் தவிர்க்கலாம். காலை 7 மணிக்குக் கட்டியது மதியம் 12.30 வரை சூட்டில் இருக்கும். டிபன் பாக்ஸுக்கு வறுத்த கடலைப் பொடி, எலுமிச்சை, மிளகு தூவிய காய்கறி போதும்.

கடையில் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

உரிமம் பெற்ற நிறுவனங்கள், பாஸ்டரைஸ் செய்த முட்டையில், அதாவது இறுகாத அளவுக்குச் சூடாக்கிக் கிருமி நீக்கிய முட்டையில் செய்யும் மயோனைஸ் வேறு, கடையில் பச்சை முட்டையை உடைத்து அடிப்பது வேறு. தடை விதிக்கப்பட்டது இரண்டாவதுக்குத்தான்.

பாட்டில் வாங்கினால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் மொத்தக் கொழுப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு, பொருள் பட்டியலில் முதலில் இருப்பது எது என்ற மூன்றும் முக்கியம். அளவு அதிகமான பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். அது எண்ணெயாக இருந்தால், முன்பக்கம் 'ஹெல்தி' என்று எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை. பச்சை வட்டம் சைவத்தைக் குறிக்கும், குறைந்த கொழுப்பைக் குறிக்காது. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்.

சாப்பிடப் போகும் கடையில், "அண்ணே, மயோனைஸ் முட்டையில செஞ்சதா, பாக்கெட்டா?" என்று தயங்காமல் கேளுங்கள். மேசை மேல் திறந்து கிடக்கும் டப்பா என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பச்சை முட்டையில் செய்வது தெரிந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் புகார் தரலாம். மத்திய அரசின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் புகார் பதிவு செய்யலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகச் சேர்த்தால் பரவாயில்லையா?
பரவாயில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக் கோழி, பண்ணைக் கோழி என்று சால்மோனெல்லா பேதம் பார்ப்பதில்லை. முட்டையை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

மயோனைஸை ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடுமா?
சாகாது. குளிரில் பெருகாமல் இருக்குமே தவிர, வெளியே எடுத்ததும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

தயிரும் பச்சைதானே, அது மட்டும் எப்படி பாதுகாப்பு?
காய்ச்சிய பாலில்தான் தயிர் உறைய வைக்கிறோம். பாலில் இருந்த கிருமி அப்போதே சாகிறது. பிறகு உறையில் இருக்கும் நல்ல பாக்டீரியா புளிப்பை உண்டாக்கி மற்ற கிருமிகளுக்கு இடம் கொடுக்காது. காய்ச்சாத பாலில் உறையவைத்த தயிருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

எடை குறைக்கிறவர்களுக்கு எது பெஸ்ட்?
தொங்கவிட்ட தயிர். முந்திரி, கடலை, எள் நல்லவைதான் என்றாலும் அளவு தாண்டினால் கலோரி ஏறும். ஒரு தட்டு சாலட்டுக்கு 2 டேபிள்ஸ்பூன் போதும்.

சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால்?
முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ரத்தம் கலந்து போனால், கடுமையான காய்ச்சல் இருந்தால், சிறுநீர் குறைந்தால், 3 நாள் தாண்டியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் காத்திருக்கவே வேண்டாம். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

எந்த வகையை முதலில் செய்து பார்ப்பது என்று குழப்பமா? சனிக்கிழமை ராத்திரி தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சிக்கனுக்கு முதல் டப்பா தயார்.